உடல் நமது, உயிர் யாருடையது?

2025 செப்டம்பர் 26-ம் நாள் சண்டிகரில் ஒரு வழியனுப்பு விழா நடந்தது. விடை பெற்றது மனிதரல்ல, விமானம். மிக்-21 எனும் போர் விமானம் 1963-ல் அதே சண்டிகரில்தான் இந்திய விமானப் படையில் சேர்ந்தது. 62 ஆண்டுக் காலம் ஊழியம் பார்த்துவிட்டு அதே ஊரில் ஓய்வு பெற்றது. தண்ணீரைப் பீய்ச்சி மரியாதை செய்தனர். வாழ்த்துரைகள் வழங்கினர். பத்திரிகைகளிலே படம் வந்தது. பார்த்தோம், படித்தோம், பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

புரட்டிய அந்தப் பக்கத்தைச் சற்றே திருப்பிப் பார்க்குமாறு தோழர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

62 ஆண்டுக்கு முன் வந்த லாரி இனத்தை நம்பி இன்று யாரேனும் சரக்கேற்றி அனுப்புவார்களா? மாட்டார்கள். ஆனால், அப்படிப்பட்ட விமானத்தை நம்பி நம் வீட்டுப் பிள்ளைகளை வானத்துக்கு அனுப்பினோம். ஒரே விமானம் 62 ஆண்டு பறந்தது என்று எண்ணிவிட வேண்டாம். புதிது புதிதாகச் செய்து சேர்த்தார்கள், செப்பனிட்டார்கள், சில கருவிகளை மாற்றினார்கள். என்றாலும், இனம் அதே பழைய இனம்தான்.

விளைவு என்ன? 1971 முதல் 2012 ஏப்ரல் வரையில் மிக் இன விமானங்கள் 482 விபத்துக்குள்ளாயின, 171 விமானிகள் மாண்டனர், பொதுமக்கள் 39 பேர் உயிரிழந்தனர். இது நாம் கட்டிய கணக்கல்ல. 2012-ல் பாதுகாப்பு அமைச்சரே நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு. விபத்து ஒவ்வொன்றுக்கும் விமானத்தின் வயதுதான் காரணம் என்று நாம் கூற மாட்டோம். ஆனால், மாற்று விமானம் உரிய காலத்தில் வந்திருந்தால் இந்தக் கணக்கு இத்தனை நீளம் நீண்டிருக்குமா? நீண்டிராது என்பதைச் சிறுபிள்ளையும் சொல்லும்.

மிக்-21 போன பின், போர் விமான அணிகள் 29 என்ற அளவுக்குக் குறைந்துவிட்டன. இருக்க வேண்டும் என்று சர்க்கார் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையோ 42. ஏன் இந்த நிலை? மாற்று விமானம் ஏன் வரவில்லை? இதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில்

"பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, ஆஸ்பத்திரியிலே மருந்து இல்லை, விமானம் ஒரு கேடா?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கேள்வியை நாம் தள்ளவில்லை. போர்ப் பறை கொட்டுவதற்காகவும் நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. போர் என்றால் முதலில் சாகிறவன் ஏழை வீட்டுப் பிள்ளை என்பதை நாம் அறிவோம்.

ஆனால் தோழர்களே, பணம் செலவாகாமலா இருக்கிறது? 2016-ல் 36 ரஃபேல் விமானங்கள் வாங்க பிரான்சுடன் ஒப்பந்தம் செய்தார்களே, அதன் விலை ஏறக்குறைய 59,000 கோடி ரூபாய். செலவழிப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு ஆளவந்தார்கள் எப்போதோ விடை எழுதிவிட்டார்கள். நமக்கு எஞ்சியிருக்கும் கேள்வி வேறு. அந்தப் பணத்தால் எந்த நாட்டுத் தொழிலாளியின் அடுப்பு எரிகிறது? அந்தப் பணத்தைக் கொடுத்த பிறகும் திறவுகோல் யார் கையில் இருக்கிறது? உழைப்பாளிக்கு இந்தக் கேள்வியில் பங்கு உண்டு. வரியும் அவனுடையது, வேலையும் அவனுடையது, படையிலே நிற்கும் பிள்ளையும் அவனுடையவன்.

நான்கு விமானமும் பத்தொன்பது சிப்பாயும்

இந்திய விமானப் படை 1932 அக்டோபர் 8-ம் நாள் பிறந்தது. வெள்ளையன் பெற்ற பிள்ளை. 1933 ஏப்ரலில் கராச்சியில் முதல் பிரிவு தொடங்கியபோது இருந்தவை நான்கு வாபிடி விமானங்கள், ஆறு அதிகாரிகள், 19 வான் சிப்பாய்கள். அவ்வளவே! அந்த வாபிடியும் பிரிட்டனில் பழசாகிப் போன இரட்டை இறக்கை விமானம்.

விமானத்தைப் பழுது பார்க்கவும் செய்யவும் இந்த மண்ணில் ஓர் இடம் ஏற்பட்டது 1940 டிசம்பரில். வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே இந்திய சர்க்கார் அதில் பங்கு வாங்கிற்று. 1942-ல் முழுதும் தன் கைக்கு எடுத்துக் கொண்டது. போர்க் காலத்தில் அங்கே அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்தார்கள். நம் தொழிலாளரின் கை அங்கேதான் பழகிற்று.

அந்தக் கையின் திறமைக்கு ஒரு சான்று சொல்கிறோம். போர் முடிந்ததும், கான்பூரில் அமெரிக்க லிபரேட்டர் குண்டு வீச்சு விமானங்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் நான்கு இஞ்சின் கொண்ட பெரிய விமானம். கடன்-குத்தகை ஏற்பாட்டில் வந்தவை. வேறு யாருக்கும் உதவக் கூடாது என்று, போகும்போது வேண்டுமென்றே சிதைத்துவிட்டுப் போனார்கள். கருவிகளை அடித்து நொறுக்கினார்கள், இஞ்சினிலே மண்ணைப் போட்டார்கள். குப்பை என்று தள்ளப்பட்ட அந்தக் கூட்டத்திலிருந்து, 1948-ல் பெங்களூர்த் தொழிலாளர்கள் ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றில் பொருத்தி, நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். கான்பூரில் தேற்றிப் பெங்களூருக்குப் பறக்க வைத்து, அங்கே முழுதும் செப்பனிட்டார்கள். அந்த விமானங்கள் 1968 வரை பறந்தன. இரும்புக் குப்பையை இருபது ஆண்டு வானில் ஓட்டிய கை, நம் தொழிலாளியின் கை! "இந்தியனுக்கு விமானம் வராது" என்று ஏளனம் பேசியவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

வாங்கிய விமானமும் வரைந்த விமானமும்

விடுதலை பெற்ற நாடு விமானங்களை வாங்கத் தொடங்கிற்று. 1948-ல் பிரிட்டனிலிருந்து வாம்பயர், 1953-ல் பிரான்சிலிருந்து தூஃபானி, 1957-ல் மிஸ்டேரும் ஹண்டரும், அதையடுத்து கான்பெரா, நாட் என்று வரிசையாக வந்தன. ஒரே கடையில் வாங்காமல் இரண்டு மூன்று கடையில் வாங்கியது கெட்டிக்காரத்தனம்தான். ஒருவன் கதவைச் சாத்தினால் இன்னொருவன் கதவைத் தட்டலாம் அல்லவா?

வாங்கிக் கொண்டே வரையவும் செய்தார்கள். வி. எம். காட்கே தலைமையில் பெங்களூரில் உருவான எச்.டி-2 என்னும் பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. பின்னாளில் விடுதலை பெற்ற கானா நாடு தன் விமானப் படையைத் தொடங்கியபோது, இந்த எச்.டி-2 விமானங்களை வாங்கிற்று. ஓர் இளம் நாடு இன்னோர் இளம் நாட்டுக்குச் சிறகு கொடுத்தது.

நாட் என்பது சின்னஞ்சிறு போர் விமானம். பிரிட்டனில் வரைந்தது, பெங்களூரில் உரிமம் பெற்றுச் செய்தது. அதன் ஆர்ஃபியஸ் இஞ்சினையும் பெங்களூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். 1965 போரில் பாகிஸ்தானின் அமெரிக்க சேபர் விமானங்களை அந்தச் சிட்டுக்குருவி எதிர்த்து நின்று பெயர் வாங்கிற்று. 1971 டிசம்பர் 14-ம் நாள் ஸ்ரீநகரில், நாட் விமானத்தில் தனியொருவராகப் பல சேபர்களோடு போரிட்டு உயிர் கொடுத்தார் நிர்மல் ஜித் சிங் சேகோன். விமானப் படையில் பரம வீர சக்கரம் பெற்ற ஒரே வீரர் அவர்.

இங்கே ஓர் உண்மையைத் தோழர்கள் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும். "இஞ்சினைப் பெங்களூரிலேயே செய்தோமே, பிறகென்ன குறை?" என்று கேட்கலாம். உரிமம் பெற்றுச் செய்வது வேறு, நாமே ஆக்குவது வேறு. பொடியை ஒருவரிடம் வாங்கி, அவர் எழுதிக் கொடுத்த அளவுப்படி குழம்பு வைக்கிறோம். குழம்பு கொதிக்கிறது, மணக்கிறது. ஆனால், பொடியில் என்ன அரைத்தார்கள், ஏன் அரைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. அவர் பொடி தர மறுத்த அன்று நம் அடுப்பிலே குழம்பு கிடையாது.

மாருத் சொல்லும் பாடம்

இதை விளக்க மாருத் விமானத்தின் கதையைக் காட்டிலும் நல்ல கதை இல்லை.

1956 ஆகஸ்டில் குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் பெங்களூர் வந்தார். உலகப் போரிலே ஜெர்மனிக்குப் புகழ் பெற்ற போர் விமானம் வரைந்து கொடுத்தவர். அவரோடு ஜெர்மானியர் சிலர். சுற்றிலும் நம் இளம் பொறியாளர்கள், நம் தொழிலாளர்கள். ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் போர் விமானத்தை ஆக்குவது என்று இறங்கினார்கள். முதலில் மரத்தாலே முழு அளவில் இஞ்சின் இல்லாத விமானம் செய்து பறக்க விட்டுப் பார்த்தார்கள். பிறகு, 1961 ஜூன் 17-ம் நாள் மாருத் எழுந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். விடுதலை பெற்றுப் பதினான்கு ஆண்டு கூட நிறையாத நாடு, தானே ஜெட் போர் விமானம் செய்து பறக்க விட்டது. பெருமைக்குரிய நாள், ஐயமில்லை!

ஆனால், இஞ்சின்?

மாருத் வரையப்பட்டது ஆர்ஃபியஸ்-12 என்னும் வலிய பிரிட்டிஷ் இஞ்சினை மனத்தில் வைத்து. அது ஒவ்வொன்றும் 8,000 ராத்தலுக்கு மேல் தள்ளும். விமானத்துக்கு இரண்டு இஞ்சின். பிரிட்டனிலே அந்த இஞ்சினுக்குத் தேவையில்லை என்றாகிவிட்டது. செய்து முடிக்க வேண்டுமானால் செலவை நீங்கள் ஏற்றுக் கொள்ளுங்கள் என்று கம்பெனி நம்மைக் கேட்டது. அது அன்னியச் செலாவணிக்குத் திண்டாடிய காலம். டில்லி மறுத்துவிட்டது.

கடைசியில் என்ன செய்தார்கள்? நாட் விமானத்துக்காகப் பெங்களூரில் செய்துவந்த ஆர்ஃபியஸ்-703 இஞ்சினையே இரண்டாகப் பொருத்தினார்கள். அதன் வலு 4,850 ராத்தல். இரட்டை மாடு இழுக்க வேண்டிய பார வண்டியில் இரண்டு கன்றுக் குட்டியைப் பூட்டியது போலாயிற்று. ஒலியை மிஞ்சப் பிறந்த விமானம், நேர் பறப்பில் கடைசி வரையில் ஒலியை மிஞ்சவில்லை.

பிறகு இஞ்சின் தேடி அலைந்தார்கள். ருஷ்யாவைக் கேட்டுப் பார்த்தார்கள். எகிப்தில் நாசர் ஆட்சியில் பிராண்ட்னர் என்னும் ஆஸ்திரியப் பொறியாளர் ஓர் இஞ்சின் செய்து கொண்டிருந்தார். ஒரு மாருத் விமானத்தையே எகிப்துக்கு அனுப்பி, 1967-ல் ஒரு பக்கம் அந்த இஞ்சினும் மறுபக்கம் ஆர்ஃபியசுமாகப் பொருத்திப் பறந்து பார்த்தார்கள். 1969-ல் எகிப்து அந்த முயற்சியையே கைவிட்டது. இங்கேயே இருக்கும் இஞ்சினுக்குப் பின்னெரி சேர்த்து வலுவைக் கூட்ட முனைந்தார்கள். 1970 ஜனவரி 10-ம் நாள், அந்தச் சோதனை விமானம் பெங்களூரில் விழுந்தது. மாண்டவர் யார்? ஒன்பது ஆண்டுக்கு முன் முதல் மாருத்தை எழுப்பிய அதே சுரஞ்சன் தாஸ்! தொழிற்சாலைக்கு அருகே ஒரு சாலைக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது.

147 மாருத் விமானங்கள் செய்தார்கள். 1971 போரில் அவை கடமையைச் செய்தன. வான் சண்டையில் ஒன்றும் வீழவில்லை. விமானத்தின் உடலில் குறையில்லை. செய்த கையில் குறையில்லை. ஓட்டிய நெஞ்சில் குறையில்லை. உயிர் மட்டும் பிறத்தியாரிடம் இருந்தது. 1990 அளவில் மாருத் மறைந்தது. அதைவிடக் கொடுமை, அதைத் தொடர்ந்து அடுத்த விமானம் வரையப்படாமல் போனதுதான். பதினைந்து ஆண்டு அரும்பாடுபட்டுக் கற்ற கூட்டம் கலைந்தது. நெசவாளி தறியை விட்டுப் பத்தாண்டு விலகியிருந்தால் அவன் மகனுக்குத் தறி தெரியுமா?

அந்தக் காலத்திலேயே, கிரண் என்னும் பயிற்சி விமானத்துக்காக 2,500 ராத்தல் வலுவுள்ள சிறு இஞ்சின் ஒன்றைப் பெங்களூரில் நம்மவரே வரைந்து, சோதனைக் கூடத்தில் ஓட்டியும் காட்டினார்கள். அதை வளர்க்கவில்லை. கிரண் பிரிட்டிஷ் வைப்பர் இஞ்சினில் பறந்தது. சிறியதில் தொடங்கிப் பெரியதைக் கற்பதுதானே தொழிலின் முறை? அந்த முதல் படியையே பெயர்த்துப் போட்டார்கள்.

கதவைச் சாத்தும் நண்பர்கள்

"உலகம் ஒரு சந்தை, எங்கே மலிவோ அங்கே வாங்குவோம், நாமே ஏன் மாரடிக்க வேண்டும்?" என்பார் சிலர். சட்டையும் சர்க்கரையும் வாங்குவதற்கு அது சரி. படைக் கருவிக்கு அது சரியல்ல என்பதற்கு வரலாறு இருக்கிறது.

1965 செப்டம்பரில் போர் மூண்டதும் அமெரிக்கா இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஆயுத உதவியை நிறுத்திற்று. பாகிஸ்தானின் சேபரும் ஸ்டார்ஃபைட்டரும் அமெரிக்கா கொடுத்தவை. கொடுத்தவன் கையை இழுத்ததும் உதிரிப் பாகத்துக்குத் தவித்துச் சீனத்தின் பக்கம் திரும்பிற்று பாகிஸ்தான். பிரிட்டனும் அப்போது நமக்கு அனுப்ப வேண்டிய தளவாடங்களை நிறுத்தி வைத்தது.

ருஷ்யா கைகொடுத்தது, மறுக்கவில்லை. 1962 ஒப்பந்தப்படி மிக்-21 வந்தது. நாசிக்கில் உடலும், ஒரிசாவின் கோராபுட்டில் இஞ்சினும், ஐதராபாத்தில் மின்னணுக் கருவியும் செய்ய ஆலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கானவருக்கு வேலை கிடைத்தது. ஆனால், அதுவும் பொடி வாங்கி வைத்த குழம்பே. 1991-ல் சோவியத் நாடு சிதறியதும், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொரு புதிய நாடாக அலைய வேண்டியதாயிற்று. நண்பன் பகைவனாகவில்லை, நண்பன் வீடே இடிந்தது. அப்போதும் தவித்தது நாமே.

மூன்றாவது சான்று 1998. பொக்ரானில் அணு சோதனை நடந்ததும் அமெரிக்கா தடை விதித்தது. தேஜஸ் விமானத்தை இயக்கும் கணிப்பொறி ஏற்பாட்டுக்காக அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்துக் கொண்டிருந்த நம் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. பெங்களூரிலேயே வேலையை முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ம் நாள் தேஜஸ் பறந்தது. விமானத்தின் மூளையை நாமே ஆக்கிக் கொண்டோம். ஆனால், அன்று அதைத் தூக்கிச் சென்ற இஞ்சின் எது? அமெரிக்க எஃப்-404!

காவிரி வரவில்லை

1983-ல் மிக்-21-க்கு மாற்றாகத் தொடங்கப்பட்டதே தேஜஸ் திட்டம். அதற்கென்று நம் இஞ்சின் ஒன்றை ஆக்கும் பணி 1989-ல் பெங்களூரில் தொடங்கிற்று. அந்த இஞ்சினுக்கு வைத்த பெயர் காவிரி. நம் ஊர்க் காவிரிக்காக நாம் காத்திருப்பது போலவே, தேஜசும் அந்தக் காவிரிக்காகக் காத்திருந்தது. வேண்டிய வலு கிட்டவில்லை, எடையும் கூடிற்று. உயர வானில் சோதிக்க இங்கே வசதி இல்லை. 2010-ல் ருஷ்யாவுக்குத் தூக்கிக் கொண்டு போய்ச் சோதித்தார்கள். அதற்கு முன்பே, 2008-ல், தேஜஸ் வேறு, காவிரி வேறு என்று பிரித்துவிட்டார்கள்.

இந்தக் காவிரிக்கு மொத்தம் எவ்வளவு செலவாயிற்று? ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய். அதுவும் இருபது, முப்பது ஆண்டுக் காலத்தில். "ஐயோ, இரண்டாயிரம் கோடி வீணாயிற்றே!" என்று பேசினார்கள், எழுதினார்கள். சரி, 2021 ஆகஸ்டில் தேஜசுக்காக 99 அமெரிக்க இஞ்சின்கள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அதன் விலை என்ன? 5,375 கோடி ரூபாய்! இஞ்சின் ஒன்றுக்கு 54 கோடி. நாமே கற்பதற்கு முப்பது ஆண்டில் கொடுத்ததைப் போல் இரண்டரை மடங்கை, ஒரே கையெழுத்தில், பிறர் செய்ததை வாங்கக் கொடுத்தோம். வீண் எது, முதலீடு எது என்று தோழர்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கொடுத்தும் காலத்தில் வந்ததா? 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. 2024 மார்ச் வாக்கில் முதல் விமானம் என்றார்கள். அமெரிக்கக் கம்பெனி பல ஆண்டு மூடிக் கிடந்த தயாரிப்பு வரிசையைத் திரும்பத் திறந்து, முதல் இஞ்சினை அனுப்பியதே 2025 மார்ச்சில். பெங்களூரில் உடல் தயாராக நிற்கிறது. உயிர் கப்பலேறி வரவேண்டும்! தாமதம் முழுவதும் இஞ்சினால்தான் என்று கூறினால் அது நேர்மையாகாது. தொழிற்சாலை நிர்வாகத்தின் சுணக்கமும் உண்டு. 2025 பிப்ரவரியில் விமானப் படைத் தலைவரே அந்த நிர்வாகத்தின் மீது தமக்கு நம்பிக்கை ஏற்படவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். அந்தக் குற்றத்தை நிர்வாகம் ஏற்கட்டும். ஆனால், எத்தனை சுறுசுறுப்பான நிர்வாகமும் இல்லாத இஞ்சினைப் பொருத்த முடியாது அல்லவா?

2025 செப்டம்பரில் மிக்-21 விடைபெறுவதற்கு முதல் நாள், மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கு 62,000 கோடிக்கு மேல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பரில் அவற்றுக்காக மேலும் 113 அமெரிக்க இஞ்சின்கள். உடலுக்கு ஒரு கையெழுத்து, உயிருக்கு ஒரு கையெழுத்து. மாருத் காலத்தில் கண்ட அதே காட்சி. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, இஞ்சின் கதை மாறவில்லை.

ஏன் அவ்வளவு கடினம்?

இஞ்சின் செய்வது எளிது என்று நாம் கூறவில்லை. கொல்லுப் பட்டறையில் நின்றவருக்குச் சொன்னால் உடனே விளங்கும். ஜெட் இஞ்சினின் உள்ளே சுழலும் பிளேடுகள் மீது பாயும் காற்றின் சூடு, அந்த உலோகமே உருகும் சூட்டை விட அதிகம்! உருக்கும் நெருப்பின் நடுவிலே உருகாமல், நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல வேண்டும். அதற்காக, முடி போன்ற நுண்ணிய துளைகள் வழியாகக் குளிர் காற்றைச் செலுத்துகிறார்கள். பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். இந்த வித்தையை முழுதும் அறிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அறிந்தவர் யாரும் சும்மா சொல்லித் தர மாட்டார்.

ஆனால், கற்க முடியாததா? சீனத்தைப் பாருங்கள். ருஷ்ய இஞ்சினை வாங்கி வாங்கித்தான் அவர்களும் தம் போர் விமானங்களைப் பறக்க விட்டார்கள். 1980-களிலேயே சொந்த இஞ்சினில் இறங்கினார்கள். தோற்றார்கள், திருத்தினார்கள், மறுபடியும் தோற்றார்கள், விடவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் பணத்தையும் ஆளையும் போட்டுக் கொண்டே இருந்தார்கள். இப்போது அவர்களுடைய புதிய போர் விமானங்கள் அவர்களுடைய இஞ்சினிலேயே பறக்கின்றன. அங்கே இருப்பதும் இரும்பும் நெருப்பும் மனிதக் கையும்தான்!

நம்மாலும் ஆகும் என்பதற்கு அடையாளம் இல்லாமலில்லை. ஒரே படிகமாக வார்த்த பிளேடுகளை ஐதராபாத் உலோக ஆய்வுக்கூடம் ஆக்கி, 2021-ல் ஹெலிகாப்டர் இஞ்சினுக்காக 60 பிளேடுகளை ஒப்படைத்தது. சிறிய தொடக்கம். சிறிய தொடக்கத்தைத்தான் ஒரு முறை கைவிட்டோம். இன்னொரு முறை கைவிடக் கூடாது.

நாம் கேட்பவை மூன்று

இஞ்சினுக்கென்று தனியே பணம் ஒதுக்குங்கள். முதல் தோல்வியில் நிறுத்தாதீர்கள். உயர வானத்தின் நிலையை உண்டாக்கிச் சோதிக்கும் கூடத்தை இந்த மண்ணிலேயே கட்டுங்கள். பிள்ளை எழுதிய பரீட்சையைத் திருத்த வெளிநாட்டுக்கு அனுப்பிக் கொண்டிருந்தால் பிள்ளை எப்போது தேறுவது? இது முதல் கோரிக்கை.

இரண்டாவது, ஒப்பந்தங்களைப் பற்றியது. 2023 ஜூனில் எஃப்-414 இஞ்சினை இங்கே செய்ய அமெரிக்கக் கம்பெனியுடன் ஏற்பாடு என்று அறிவித்தார்கள். 2025 ஆகஸ்டில், அடுத்த தலைமுறை விமானத்துக்குப் பிரான்சின் சாஃப்ரான் கம்பெனியோடு சேர்ந்து இஞ்சின் ஆக்கப் போவதாக அறிவித்தார்கள். நல்லது. ஆனால், நாம் கேட்கிறோம்: குழம்பின் அளவு மட்டும் வருகிறதா, பொடியின் இரகசியமும் வருகிறதா? செய்முறை மட்டுமா, "ஏன் இப்படி" என்ற காரணமும் உண்டா? நாளை நாமே அதைத் திருத்தி வளர்க்க உரிமை உண்டா? இவற்றை நாடாளுமன்றத்தில் எழுத்து வடிவில் வையுங்கள். நூற்றுக்கு இத்தனை பங்கு தொழில்நுட்பம் வருகிறது என்று எண்ணிக்கை சொல்லி ஏய்க்க வேண்டாம். எஞ்சிய பங்கிலேதான் உயிர் இருக்கும்.

மூன்றாவது, தொழிலாளியைப் பற்றியது. ஒரு விமானம் முடியுமுன் அடுத்த விமானத்தின் வேலை தொடங்க வேண்டும். மாருத் கூட்டத்தைக் கலைத்தது போல் தேர்ந்த கையைக் கலைத்துவிட்டுப் பிறகு தேடாதீர்கள். உருகும் உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லும் தொழிலாளியை ஓர் ஆண்டில் உண்டாக்க முடியாது. அவனுக்கு நிலையான வேலை, தக்க கூலி, அவனுக்குப் பின் வரும் இளைஞனுக்குப் பயிற்சி ஆகியவை சலுகையல்ல. அவை இல்லாமல் இஞ்சின் இல்லை.

கோவைக்கு அருகே சூலூரில் விமானப் படைத் தளம் இருக்கிறது. 2018-ல் தேஜசின் முதல் அணி அங்கே வந்தது. 2020-ல் அதே சூலூரில் இன்னோர் அணிக்குத் தேஜஸ் கொடுத்தார்கள். அது 18-ம் எண் அணி. 1971-ல் ஸ்ரீநகரில் நாட் விமானத்தில் உயிர் கொடுத்த சேகோனின் அணி. நாட்டின் இஞ்சின் பிரிட்டனின் வரைபடம். தேஜசின் இஞ்சின் அமெரிக்காவின் வரைபடம். இடையில் கழிந்தது அரை நூற்றாண்டு.

அந்தச் சூலூருக்குப் பக்கத்துக் கோவையிலேதான், 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள். அதுவரை மோட்டார் என்றால் சீமைச் சரக்கு. இப்போது உழவனின் கிணற்றில் ஓடுவது கோவை மோட்டார். மோட்டாரும் ஜெட் இஞ்சினும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால், "சீமைக்காரனால்தான் முடியும்" என்ற பேச்சு ஒன்றேதான். அன்றும் கேட்டோம், இன்றும் கேட்கிறோம்.

கிணறு நம்முடையதாக இருந்து என்ன பயன், கயிறு அண்டை வீட்டில் இருந்தால்? தாகம் எடுத்த நேரத்தில் அண்டை வீட்டார் கதவைத் திறந்தால்தான் தண்ணீர். 1965-ல் திறக்கவில்லை, 1998-ல் திறக்கவில்லை. அடுத்த முறை திறப்பார்கள் என்று யார் உறுதி கூற முடியும்?

தேஜஸ் பறக்கும்போது கை தட்டுவோம்; அது நம் தொழிலாளியின் உழைப்பு. கை தட்டிய பின், மேடையிலே நிற்கும் ஆளவந்தார்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "உடல் நமது, சரி, உயிர் எப்போது நமதாகும்? ஆண்டைச் சொல்லுங்கள்." விடை வரும் வரையில் கேட்டுக் கொண்டே இருப்போம்.